நாலு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போகிறேன். கோவையிலிருந்து 3,160 கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று இணையத்தில் இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் காட்டிய நேரடி விமானம் 15ஆம் தேதி 1.15க்குக் கிளம்பி காலை 8 மணிக்குப் போய்ச் சேருகிறது. திரும்பும்போது இரவு 10.20க்கு ஏறினால் 12.05க்கே கோவையாம். எது உண்மை? சென்னை வழியாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் மூவாயிரம் ரூபாய் குறையும் என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஏஜென்ட் உங்களை ஏமாற்றவில்லை. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது ஆறே முக்காலில் இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது ஒன்றே முக்காலுடன் இரண்டரையைக் கூட்டுங்கள். இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான். 3,160 என்பது நேர்கோட்டுத் தூரம். விமானம் மணிக்கு 800, 900 கிலோமீட்டரில் பறந்தாலும் ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் கூடிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தேதியை. 15ஆம் தேதி 1.15 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 இரவு என்று நினைத்துப் போய் விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. டிக்கெட் பணமும் போய்விடும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போவது நல்லது. ஆக, இரவு பத்துக்குப் பீளமேடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்தாலும் ஆறு மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலைக்கு வந்துவிட்டால் அது நகரும்வரை நிற்க வேண்டியதுதான். மழைக்காலமானால் மண்சரிவும் உண்டு, இன்னும் முன்பே கிளம்புங்கள். ஆக, பறப்பது நாலேகால் மணி நேரமானாலும் வீட்டு வாசலிலிருந்து சாங்கி விமான நிலையம்வரை பதினொன்றரை மணி நேரம் ஆகும்.

அதனால்தான் சென்னை வழி வேண்டாம் என்கிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர்தான், கேட்கக் கிட்டே மாதிரி இருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் அங்கே இறங்கி, பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. புது டிக்கெட்டுக்கு நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். மூவாயிரம் ரூபாய்க்காக இந்த வயதில் இந்த அலைச்சல் வேண்டாம். ஒரே பிஎன்ஆர் எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நேரடி டிக்கெட்டிலும் ஒன்றைக் கேளுங்கள்: பெட்டிக்கான எடை விலையில் சேர்ந்திருக்கிறதா? குறைந்த கட்டண விமானங்களில் பல சமயம் கைப்பைக்கு மட்டும்தான் அனுமதி. பிரசவ லேகியம், பருப்புப்பொடி, வர்க்கி என்று பெட்டி நிறையத்தான் போகும். எடையை டிக்கெட்டோடு வாங்கினால் மலிவு, விமான நிலையத்தில் கட்டினால் கை கடிக்கும்.

அப்புறம், சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள், மகளையே நிரப்பித் தரச் சொல்லுங்கள்.