விடுப்பு எடுத்தும் தீராத சோர்வு: அறுவை சிகிச்சை மருத்துவருக்கு

பத்து நாள் விடுப்பு முடிந்து மூன்றாம் நாளே பழைய சோர்வு, நோயாளியின் பெயருக்குப் பதில் ‘பித்தப்பை கேஸ்’ என்றுதான் வாயில் வருகிறது என்கிறீர்கள். கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான். வெறும் தூக்கக் குறைவென்றால் விடுப்பிலேயே ஓரளவு தெளிந்திருக்கும். இது பர்ன்அவுட்டாக, அதாவது வேலை அழுத்தத்தால் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் நிலையாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமே தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11-இல் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொல்கிறது. ஆகவே காரணத்தை உங்களுக்குள் அல்ல, டியூட்டி அட்டவணையில் தேடுங்கள்.

இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: இரவில் எத்தனை அழைப்பு, மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வேலை இருந்ததா, வீட்டில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிய நேரம் எவ்வளவு. இரவு அழைப்புக்கு மறுநாளே முழு தியேட்டர் லிஸ்ட் என்பது ஆளைச் சாய்த்துவிடும். குறிப்பைக் காட்டி முதலில் அதை மாற்றக் கேளுங்கள். தியானப் பயிற்சி எல்லாம் பிறகு.

சமீபத்தில் சிக்கலான கேஸ் ஏதும் மனத்தில் ஓடுகிறதா? நம்பிக்கையான மூத்தவரிடம் பேசுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.