ஜியோபோனில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது, 300 ரூபாய் கொடுத்தால் வருமா?

கேள்வி: அம்மா 2018 முதல் ஜியோபோன் வைத்திருக்கிறார். இப்போது வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை. '300 ரூபாய் கொடுங்க, சாப்ட்வேர் ஏத்தித் தர்றேன்' என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். செட்டில் எந்தக் கோளாறும் இல்லை. அதில் ஓடுவது கைஓஎஸ் என்ற ஓஎஸ், அதாவது போனை இயக்கும் அடிப்படை சாப்ட்வேர். அந்த ஓஎஸ்ஸுக்கான வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்க முடியாதபடி 2024 ஜூனில் நிறுத்தினார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தில் கதவு சாத்தப்பட்டது. சாப்ட்வேர் ஏற்றினால் அதே பழைய கைஓஎஸ்தான் திரும்ப வரும், கூடவே போனில் இருக்கும் படங்களும் நம்பர்களும் அழியும். 'ஏபிகே போட்டால் ஓடும்' என்று சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் ஃபைல், கைஓஎஸ்ஸில் திறக்கவே திறக்காது.

பயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா கைவிட்ட பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து பிறந்தது கைஓஎஸ். 2018இல் கூகுளே இதில் 2.2 கோடி டாலர் போட்டது. ஆனால் ஜியோபோனில் இருக்கும் கைஓஎஸ் 2.5 பதிப்பில் வலைத்தளங்களைத் திறந்து காட்டும் பிரவுசர் எஞ்சின் 2016ஆம் ஆண்டுச் சரக்கு. ரேமும் 512 எம்பிதான். புதிய வலைத்தளங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். கைஓஎஸ் 3க்கு ஏற்றிக்கொள்ளலாமே என்றால், பழைய செட்டுகளுக்கு அது தரப்படவில்லை. 3இல் வாட்ஸ்அப் வரவும் இல்லை.

புதுப் போனுக்கு மாறும் முன், எதையும் ரீசெட் செய்யாமல் இவற்றை எடுத்துவிடுங்கள்.

நம்பர்கள்: கான்டாக்ட்ஸ், ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ் என்று போய் எக்ஸ்போர்ட்டில் மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். எல்லா நம்பர்களும் அடங்கிய விசிஎஃப் ஃபைல் ஒன்று உருவாகும். அதைப் புதுப் போனில் இம்போர்ட் செய்தால் போதும். சிம்மில் சேமித்தால் பெயரும் நம்பரும்தான் வரும், இடம் போதாமல் சில விட்டுப்போவதும் உண்டு.

படங்கள்: செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய் யுஎஸ்பி ஸ்டோரேஜை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் செருகி முழுவதையும் நகலெடுங்கள்.

பழைய சாட்டை மீட்க வழியில்லை. ஆனால் புதுப் போனில் அதே நம்பரில் பதிந்து வாட்ஸ்அப்பைத் தொடரலாம். வெகுநாள் பயன்படுத்தாமல் இருந்தால், குடும்ப குரூப்புகளில் மறுபடி சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கலாம்.

பலரும் இடறும் இடம் சிம். ஜியோபோனுக்கென்று உள்ள மலிவு ரீசார்ஜ் அந்த செட்டில் மட்டும்தான் செல்லும். சிம்மை ஆண்ட்ராய்டில் போட்டதும் சேவை நின்று, 'சிம் போச்சு' என்று பதறுவார்கள். சாதாரண பிளானில் ரீசார்ஜ் செய்தால் சரியாகிவிடும். மாதச் செலவு கூடும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கடையில் ஜியோபோன் பிரைமா குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பெட்டியில் வாட்ஸ்அப் படம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 2023 கடைசியில் 2,599 ரூபாய்க்கு வந்த செட் அது, கைஓஎஸ்தான். ஒன்றரை வருடம்கூட ஆகாமல் அந்தப் படம் பொய்யாகிவிட்டது. பேசுவதற்கும் எஃப்எம் கேட்பதற்கும் என்றால் வாங்குங்கள், ஆனால் ஜியோ சிம் மட்டுமே ஏற்கும். 'வாட்ஸ்அப் ஓடும்' என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால், பணம் தருமுன் அங்கேயே உங்கள் நம்பரைப் போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அல்லது அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

கேள்வி: கீபேட் போனையே வைத்துக்கொண்டு யுபிஐயில் பணம் அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். கீபேட் போன்களுக்கான யுபிஐ 123பே என்ற சேவை, எந்த ஆப்பும் இல்லாமலேயே, போன் செய்து பதிவுக் குரல் சொல்வதைப் பின்பற்றும் முறையில் நடக்கும். வங்கிக் கணக்கில் பதிந்த நம்பரும், யுபிஐ பின் (ரகசிய எண்) அமைக்க டெபிட் கார்டும் வேண்டும். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை அனுப்பலாம்.