உரம் போட்ட இடத்தில் செடி வகை குறைவது ஏன்? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

செம்பனைக்குப் போட்டு மீந்த உரத்தைக் கோயில் திடலில் ஒரு பக்கம் வீசினோம். அங்கே இப்போது முழங்கால் உயரத்துக்குப் புல், ஆனால் தொட்டாற்சிணுங்கி, கோரை எல்லாம் காணோம். உரம் கொன்றுவிட்டதா?

உரத்தைவிட நிழல் மீதுதான் எனக்குச் சந்தேகம். புல்லை விலக்கி அடியில் பாருங்கள், வெளிறிப்போய், மெலிந்து நீண்ட தண்டுகள் ஒன்றிரண்டாவது தெரியும். சத்து தாராளமாகக் கிடைத்ததும் சீக்கிரம் உயர்கிற புல் முந்திக்கொள்ளும், குட்டைச் செடிக்கு வெயில் கிடைக்காது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உரம் போட்ட புல்லுக்கு அடியிலேயே விளக்கு வைத்துப் பார்த்தார்கள். செடி வகைகள் குறையவில்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1856 முதல் ஒரே புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து உரம் போட்டு வருகிறார்கள், அங்கும் உரமில்லாத துண்டுகளில்தான் வகைகள் அதிகம். அமோனியம் சல்பேட் போட்ட துண்டுகளில் மண் அமிலமாகிப்போனதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் செடிகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அங்கே போட்டியே இல்லையா?

இதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வளமான இடத்தில்தான் போட்டி கடுமை, வறிய மண்ணில் பிழைத்துக் கிடப்பதே பெரும்பாடு என்றார் பிரிட்டனின் கிரைம். அமெரிக்காவின் டில்மன் வறிய மண்ணிலும் போட்டி உண்டு, அது வேருக்கு வேர் நடக்கிறது என்றார். மின்னசோட்டாவில் அவரும் வில்சனும் நைட்ரஜன் அளவை மாற்றி மாற்றிச் சோதித்து 1991இல் எழுதினார்கள்: மொத்தப் போட்டி ஏறக்குறைய அதே அளவுதான், சத்து குறைந்த இடத்தில் மண்ணுக்குள், சத்து மிகுந்த இடத்தில் மேலே வெளிச்சத்துக்கு. நான் டில்மன் பக்கம். ஆனாலும் உங்கள் மணலில் வெயிலும் வறட்சியும் சேர்ந்து முளையிலேயே பாதியைக் கருக்கிவிடுமே, அங்கே கிரைம் சொன்னதையும் தள்ள முடியாது.

லாலான் புல்லை எரித்தும் மறுபடி வருகிறதே?

கிழங்குபோன்ற அடித்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, தீ அதை ஒன்றும் செய்யாது, உண்மையில் தீ மற்ற செடிகளைத்தான் ஒழித்து அதற்கு இடம் விடுகிறது. அதற்கு ஆகாதது நிழல். இளம் செம்பனைக்கு இடையே மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டால் அது லாலான் மேல் ஏறி மூடிவிடும். பனை ஓலைகள் ஒன்றோடொன்று முட்டுமளவு வளர்ந்ததும் லாலான் தானாக மெலிந்துபோகும்.

கோயில் திடலில் மாடு விடலாமா?

விடலாம். உயரமான புல்லை மேய்ந்தால் அடியில் வெயில் விழும். ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம், குளம்பு பட்டுச் சேறாகிவிடும். அப்புறம் மீந்த உரத்தை மறுபடி அங்கே வீசாதீர்கள்.