சின்னப் பிள்ளை என்றால் பிரசவம் லேசா?

கடிதம்:

வணக்கம் அக்கா. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 29, இப்போது நாலாம் மாதம். விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சிகரெட் குடிக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரைக்கும் போனது. பிள்ளை தங்கியது தெரிந்ததும் மூன்று, நாலாகக் குறைத்துவிட்டேன். அவருக்குத் தெரியும், அவரும் குடிப்பவர்தான். அம்மாவுக்கும் மாமிக்கும் தெரியாது. "ஒரேயடியாக விட்டால் அந்த டென்ஷன்தான் பிள்ளைக்குக் கூடாது, பிள்ளை கொஞ்சம் சின்னதாக இருந்தால் பிரசவமும் லேசு" என்கிறாள் கூட வேலை செய்யும் ஒருத்தி. கிளினிக்கில் மிட்வைஃப் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். குறைத்தது போதாதா? உண்மையில் பிள்ளைக்கு என்னதான் ஆகும்? பெயர் போட வேண்டாம்.

வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: குறைத்தது போதாது, முழுக்க விட வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நல்ல நேரத்தில். அதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஓக்லாந்திலும் அடிலெய்டிலும் முதல் பிள்ளையைச் சுமந்த ஏறக்குறைய 2,500 பெண்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. 15 வாரத்துக்குள் புகையை விட்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவமோ வளர்ச்சி குன்றிய பிள்ளையோ, குடிக்காதவர்களைவிடக் கூடுதலாக நேரவில்லை. விடாமல் குடித்தவர்களுக்கு இரண்டும் கூடின. உங்களுக்கு 15 வாரம் கடந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஏழாம் மாதத் தொடக்கத்தில் பிள்ளை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். மீதி நிறையெல்லாம் அதற்குப் பிறகு போடுவது. அந்த நாட்கள் முழுவதும் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன.

இனி, என்ன ஆகும் என்று கேட்டதற்கு வருகிறேன். வயிற்றுப் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் நஞ்சுக்கொடி வழியாகத்தான். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. நிக்கோட்டின் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை, தாண்டிப் பிள்ளையின் உடலுக்குள்ளும் போய், வளர்கிற மூளையையும் நுரையீரலையும் தொடுகிறது. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற வாயு இன்னொரு பக்கம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். காலை நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போகிறவர் எப்படி இடம் பிடித்தால் இறங்கும்வரை எழும்பமாட்டாரோ, அப்படி. ஒட்சிசனுக்கு உட்கார இடம் கிடைக்காது. தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பிள்ளையின் இரத்தத்தில் காபனோரொட்சைட்டு கூடுதலாகச் சேரும், போகவும் அதிக நேரம் எடுக்கும். புகையிலையில் உள்ள கட்மியம் என்ற உலோகம் நஞ்சுக்கொடியிலேயே தேங்கி, பிள்ளைக்குப் போக வேண்டிய துத்தநாகத்தை மறிக்கிறது. நீங்கள் எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைத் தவறாமல் எடுத்தாலும், போய்ச் சேரும் வழியே ஒடுங்கியிருக்கிறது.

இதன் விளைவு தராசிலும் தெரியும். புகைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 200 கிராம் அளவில் நிறை குறைந்து பிறக்கிறார்கள். 200 கிராம்தானே என்று தோன்றலாம். இலங்கையில் ஒரு பிள்ளையின் சராசரிப் பிறப்பு நிறையே மூன்று கிலோவை எட்டுவதில்லை. ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஒன்று 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கிற நாடு இது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை 200 கிராம் கீழே தள்ளிவிடும். அப்புறம் குறைமாதப் பிரசவம், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கழன்றுவிடுவது, வயிற்றிலேயே பிள்ளை இறப்பது. இவை எல்லாருக்கும் நடப்பதில்லை, ஆனால் புகை இவை ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் சிநேகிதியின் பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிள்ளைகள் பிறப்பது ஏறக்குறைய இரு மடங்கு என்று கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் 1957இலேயே எழுதிவிட்டார். பதினாலு வருடம் கழித்து, 1971இல், பிலிப் மொரிஸ் சிகரெட் கம்பனியின் தலைவர் ஜோசப் கல்மன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, பிள்ளைகள் சிறியவைதான், ஆனால் ஆரோக்கியமானவை, சில பெண்களுக்குச் சிறிய பிள்ளைதான் விருப்பம் என்று பதில் சொன்னார். அலுவலகத்துச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் காதில் விழுந்ததும் அதே பேச்சுத்தான். உங்கள் சிநேகிதி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் வளர முடியாமல் சிறுத்த பிள்ளை பிரசவ வலியின்போது எளிதில் களைத்துப்போகும். அதன் இதயத் துடிப்பு விழுந்தால் அவசரமாகச் சிசேரியன்தான். அதில் லேசு எங்கே இருக்கிறது?

விட்டால் வரும் டென்ஷன் பிள்ளையைக் கெடுக்கும் என்பதும் சரியில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் கஷ்டமாக இருக்கும். எரிச்சல் வரும், நித்திரை வராது. சில வாரங்களில் அடங்கிவிடும். கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகு ஓரிரு நாளிலேயே காபனோரொட்சைட்டு உங்கள் இரத்தத்தை விட்டுப் போய்விடும். நாலாகக் குறைத்தவர்கள் தம்மையறியாமல் ஆழமாக இழுப்பார்கள், கடைசிவரை இழுப்பார்கள். எண்ணிக்கை குறைந்த அளவுக்குப் புகை குறைவதில்லை. மின் சிகரெட்டுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதிலும் நிக்கோட்டின் இருக்கிறது. வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் இதே பதில்தான்.

மிட்வைஃபிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இதுதான் நான் உங்களிடம் கேட்கும் பெரிய விஷயம். இங்கே புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதனால் உங்கள் வாயிலிருந்து வராமல் யாருக்கும் சந்தேகம்கூட வராது. அவர் ஒவ்வொரு முறையும் நாடாவை வைத்து வயிற்றை அளந்து அட்டையில் குறிக்கிறாரே, அந்தக் கோடு பிள்ளை வளர்கிறதா என்று பார்க்கத்தான். விஷயம் தெரிந்தால் அதைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார், தேவைப்பட்டால் நேரத்தோடு ஸ்கானுக்கு அனுப்புவார். மற்றவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், கூட்டம் குறையும்வரை இருந்து, தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். தனியாக விட முடியவில்லை என்றால் என்ன மருந்து உதவும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், பாமஸியில் நீங்களாக வாங்க வேண்டாம்.

கணவரைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. அவரது புகையும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும், உங்களுடையதை விடக் குறைவாக என்றாலும். பல்கனிக் கதவை மூடிக்கொண்டு குடித்தாலும் ஃபிளாட்டுக்குள் அந்த மணம் வருகிறது என்றால் புகையும் வருகிறது. அதோடு, வீட்டில் ஒரு பெட்டி கண்ணில் படுகிறவரை உங்களுக்கு விடுவது இரட்டைக் கஷ்டம். இருவரும் ஒரே நாளில் விடுங்கள். அவருக்கு இதை வாசிக்கக் கொடுங்கள்.

பிள்ளை பிறந்தபின் பல பெண்கள் திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். இரவில் நித்திரையில்லாத அந்த முதல் மாதங்கள்தான் ஆபத்தானவை. நிக்கோட்டின் தாய்ப்பாலில் வரும். வீட்டில் புகை இருந்தால், தூங்கும் சிசு காரணம் தெரியாமல் திடீரென இறந்துபோகும் வாய்ப்பும் கூடும். அந்த மாதங்களில் இரவில் பிள்ளையை யார் எப்போது தூக்குவது என்பதை இப்போதே அவரோடும், முடிந்தால் அம்மாவோடும் பேசி வையுங்கள். கிளினிக்குக்குப் போய்வந்து எனக்கு எழுதுங்கள்.