‘நோ’ படத்தைத் திரையிடும் முன்: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊரில் சிறிய திரைப்படக் கழகம் ஒன்றை நடத்துகிறோம். அடுத்த மாதம் சிலி நாட்டுப் படமான ‘நோ’வைத் திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் கலந்துரையாடல் வைத்திருக்கிறோம். வருபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். படத்தில் வருவதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? எதை முன்கூட்டிச் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதில் படத்தைப் பெரும்பாலும் நம்பலாம். யாரால் நடந்தது என்பதில் நம்பிவிடாதீர்கள். உங்கள் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசியை இந்த இரண்டாவது விஷயத்துக்கே ஒதுக்குங்கள்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. 1973இல் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்துக்கு வந்த ஜெனரல் பினோசெட் மேலும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா என்று கேட்டு 1988 அக்டோபர் 5 அன்று சிலியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. தொடர வேண்டாம் என்பவர்கள் போடும் வாக்குதான் ‘நோ’. அதற்கு முன் செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 1 வரை 27 நாட்கள், தினமும் ஒவ்வொரு தரப்புக்கும் 15 நிமிடம் தொலைக்காட்சியில் ஒதுக்கப்பட்டது. அதுவரை அந்தப் பெட்டியில் ஏறக்குறைய இடமே இல்லாதிருந்த எதிர்க்கட்சிகள், வானவில் சின்னத்தோடும் ‘மகிழ்ச்சி வருகிறது’ என்ற பாட்டோடும் மக்கள் முன் வந்தன. வென்றன. பாப்லோ லார்ரைன் 2012இல் எடுத்த படம் இந்த 27 நாட்களைச் சுற்றியே ஓடுகிறது.

சின்னம், பாட்டு, பதினைந்து நிமிடம் எல்லாம் நிஜம். வாக்கெடுப்பு இரவில் விமானப்படைத் தளபதி மத்தேய், அரசு முடிவை அறிவிக்கும் முன்பே ‘நோ’ வென்றுவிட்டதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னதும் நிஜம்.

ஆனால் கயேல் கார்சியா பெர்னால் நடிக்கும் ரெனே சாவேத்ரா என்ற விளம்பரக்காரர் நிஜத்தில் இருந்ததில்லை. அந்தப் பிரசாரத்தில் வேலை செய்த எயுஹேனியோ கார்சியா, ஹோசே மனுவல் சால்செதோ ஆகிய இருவரையும் சேர்த்துக் குழைத்து உருவாக்கிய பாத்திரம் அது. பகலில் அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, பினோசெட் தரப்புக்கு ஆலோசனை சொல்லும் முதலாளியும் கதைக்காக வந்தவரே. படத்துக்கு மூலம் அந்தோனியோ ஸ்கார்மெத்தா எழுதி, அச்சில் வராத ஒரு நாடகம். இந்தத் தகவலைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் பார்வையாளர்கள் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்வார்கள். பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

இந்தப் படத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 80களில் தொலைக்காட்சிக்காரர்கள் பயன்படுத்திய யூ-மேட்டிக் வீடியோவிலேயே முழுப் படத்தையும் எடுத்திருக்கிறார்கள். சதுரமான சட்டகம், வழியும் நிறம், மங்கலான விளிம்பு. அதனால் 1988இன் அசல் காட்சியும் 2012இல் எடுத்த காட்சியும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்கின்றன. முதல் முறை பார்த்தபோது பல இடங்களில் எது பழையது, எது புதியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அன்று பிரசார நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பத்ரிசியோ பன்யாதோஸ் படத்திலும் பன்யாதோஸாகவே வருகிறார். கலையாகப் பார்த்தால் மிக அழகான முடிவு இது. ஆனால் ஆவணப்படத்துக்கு நாம் கொடுக்கும் நம்பிக்கையைக் கற்பனைக் காட்சிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, யாரால் வெற்றி என்ற விஷயத்துக்கு வருவோம். படம் பார்த்து வெளியே வருபவருக்கு, ஒரு கெட்டிக்கார விளம்பரக்காரர் குளிர்பானம் விற்பதுபோல ஜனநாயகத்தை விற்று ஒரு சர்வாதிகாரியை வீழ்த்திவிட்டார் என்றே தோன்றும். ‘நோ’ பிரசாரத்தை நிர்வகித்த ஹெனாரோ அர்ரியாகாதா இதைத்தான் கடுமையாக மறுத்தார். படம் அளவுக்கு மீறி எளிமைப்படுத்திவிட்டது என்பது அவருடைய புகார். என் கருத்தும் அதுவே.

ஏனென்றால் பழைய வாக்காளர் பட்டியலை ராணுவ ஆட்சி எரித்துவிட்டிருந்தது. 1987 பிப்ரவரியில் புதிதாகப் பதிவு தொடங்கியபோது, ‘பதிவு செய்தால் பினோசெட்டின் சட்டத்தை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடாதா?’ என்று எதிர்த் தரப்புக்குள்ளேயே சண்டை. பயமும் இருந்தது. அதையெல்லாம் மீறி, தெருத்தெருவாகப் போய்ப் பேசி ஆட்களைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கடைசியில் பட்டியலில் சேர்ந்தவர்கள் சுமார் 74 லட்சம் பேர். அதற்கும் முன்னால், 1983 மே மாதம் செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் அழைப்பு விடுத்துத் தொடங்கிய போராட்ட நாட்கள் இருக்கின்றன. 1988 ஏப்ரலில் எதிர்த் தரப்புத் தலைவர் ரிக்கார்தோ லாகோஸ் தொலைக்காட்சி நேரலையில் கேமராவை நோக்கி விரல் நீட்டி, பினோசெட்டையே நேரடியாகக் கேள்வி கேட்டதும் இருக்கிறது. அப்புறம், அரசு எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்தால் கையும் களவுமாகப் பிடிக்க எதிர்த் தரப்பு தானாகவே ஒரு வாக்கு எண்ணிக்கை நடத்தியது. அன்றிரவு வெற்றியைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வீடு வீடாகப் போனவர்களும் எண்ணிக்கையோடு விழித்திருந்தவர்களும் இந்தப் படத்தில் ஓரத்தில்கூட சரியாக நிற்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

‘சந்தோஷமான விளம்பரம்தான் ஜெயித்தது’ என்ற பேச்சும் கலந்துரையாடலில் கட்டாயம் எழும். அதற்கு அசல் நிகழ்ச்சியையே காட்டிவிடலாம். பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் தேர்ந்தெடுப்பது ஒல்கா கார்ரிதோ பேசும் பகுதி. நடுத்தர வயதுப் பெண் ஒருவர், தன்னைக் கடத்திச் சென்று சித்திரவதை செய்ததை அமைதியாகச் சொல்கிறார். பிறகு பக்கத்தில் இருப்பவர் தெரிகிறார்: நாடே அறிந்த கால்பந்து வீரர் கார்லோஸ் காஸ்செலி. பேசியவர் தன் அம்மா என்று காஸ்செலி சொல்கிறார். காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள், ஜோடியாக ஆடவேண்டிய குவெக்கா நடனத்தைத் தனியாக ஆடும் காட்சியும் அந்த நிகழ்ச்சியில் இடம்பெற்றதுதான். துக்கத்தை ஒதுக்கிவிட்டு வந்த மகிழ்ச்சி இல்லை அது.

முடிவைச் சரிபார்க்கும்போது ஒரு சின்னக் குழப்பம் வரலாம். ‘நோ’வுக்கு 56 சதவீதம் என்று ஓரிடத்திலும் 54.7 என்று இன்னோரிடத்திலும் பார்ப்பீர்கள். இரண்டும் சரி. செல்லுபடியான வாக்குகளில் கணக்கிட்டால் 56, 44; செல்லாதவை, வெற்று வாக்குகளையும் சேர்த்தால் 54.7, 43. பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் வாக்களித்தார்கள். இந்த ஒரு எண்ணைப் பலகையில் எழுதி வைத்தால்கூடப் போதும், பதிவு வேலையின் கனம் புரிந்துவிடும்.

இதே மாதிரி வேறு படங்களையும் திரையிடப் போகிறீர்கள் என்றால், அந்த இயக்கத்தில் இருந்தவர்கள் படத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று முதலில் தேடுங்கள். அடுத்து மூல ஆவணம். அமெரிக்கக் கறுப்பர்களின் வாக்குரிமைப் போராட்டத்தைச் சொல்லும் 2014ஆம் ஆண்டின் ‘செல்மா’வில், அதிபர் ஜான்சன் மார்ட்டின் லூதர் கிங்கிடம் ‘பொறுத்திருங்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார். 1965 ஜனவரி 15 அன்று இருவரும் பேசிய தொலைபேசி உரையாடலின் பதிவு இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. வாக்குரிமை மறுக்கப்படுவதிலேயே மோசமான உதாரணத்தைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லுங்கள் என்று அதில் ஜான்சனே கிங்கைத் தூண்டுகிறார். இன்னொன்று: அந்தப் படத்தில் வரும் கிங்கின் உரைகள் அவருடைய சொற்கள் கிடையாது. உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால் இயக்குநர் புதிதாக எழுதினார். மாணவர்கள் அவற்றைக் கிங்கின் மேற்கோளாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையிடல் நாளுக்கு ஒரு யோசனை: படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பேசத் தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். ‘பினோசெட்டைத் தோற்கடித்தது யார்?’ என்று கேட்டு ஒரே வரியில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒல்கா கார்ரிதோவின் காட்சியைப் போடுங்கள், பதிவுக் கதையைச் சொல்லுங்கள். கூட்டம் கலையும்போது அதே கேள்வியை இன்னொரு சீட்டில் எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.