63 டிகிரி காட்டியும் பன்றித்தோல் கருகுவது ஏன்?

பன்றித்தோலில் போட்ட வெட்டை ஆல்புமின் (சூட்டில் இறுகி ஒட்டும் புரதம்) பூசி லேசர் சூட்டால் ஒட்டிப் பார்க்கிறீர்கள், வெப்பநிலையை அகச்சிவப்புச் சென்சார் அளக்கிறது. பவரைக் குறைத்துப் பயனில்லை, சென்சார் பார்க்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். ஆல்புமின் பூசிய வெட்டின் ஓரம் கருகும்போதும் திரையில் 63 டிகிரிதான் என்றால், லேசர் விழும் புள்ளியைச் சென்சார் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் கண்ணுக்குத் தெரியாது, குறி பார்க்க நீங்கள் நம்பும் சிவப்பு ஒளிப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே போச்சு.

சூடு பட்டால் கறுக்கும் கடை பில் தாளை வைத்து, குறைந்த பவரில் ஒரு நொடிகூட வேண்டாம், சுடுங்கள் (லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான்). கருப்புப் பொட்டு எங்கே விழுகிறதோ அங்கே சென்சாரைத் திருப்புங்கள். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் காட்சிரின் ஆய்வுக் குழு லேசரையும் அகச்சிவப்பு அளவீட்டையும் வெள்ளி ஹாலைடு இழைகள் (அகச்சிவப்பைக் கடத்தும் மெல்லிய இழைகள்) வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

அப்புறம், சென்சார் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். அடியில் ஒட்டியதா என்பதை இழுத்துப் பார்த்தே சொல்ல முடியும்.