தோப்புக்குப் பக்கத்தில் எரியும் தீ: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: நான் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். மனைவிக்குச் சொந்த ஊர் ஆந்திராவின் கோனசீமா மாவட்டத்தில் ராஜோலு பக்கம். மாமனார் அவள் பெயருக்கு எழுதிவைத்த இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை மாமியார் பார்த்துக்கொள்கிறார். தோப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் எரிவாயு சேகரிப்பு நிலையம். அங்கே ஒரு பள்ளத்தில் மூன்றரை வருஷமாக இரவு பகலாகத் தீ எரிகிறது. சுற்றி ஆள் உயரச் சுவர்தான் இருக்கிறது. குரும்பை (பிஞ்சுக் காய்) கொட்டுகிறது, ஓலை கருக்கிறது, மாமியாருக்கு இருமல் நிற்கவில்லை. போன மாதம் நிறுவனத்து ஆட்கள் வந்து, 40,000 ரூபாய் தருகிறோம் என்று தெலுங்கில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும். வாசிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். அந்தத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா? வழக்கென்றால் அமலாபுரத்துக்கும் விஜயவாடாவுக்கும் அலைய வேண்டுமா?

பதில்: முதலில் அந்தத் தாள். தெலுங்கு தெரிந்த என் ஜூனியரை வாசிக்கச் சொன்னேன். தலைப்பில் "பயிர்ச் சேத உதவி" என்று இருக்கிறது. நான்காவது பத்தியில், இதை முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி மரம், நிலம், உடல்நலம் எதற்காகவும் உரிமை கோர மாட்டேன் என்று வருகிறது. தேங்காய்க்குக் கொடுக்கிற பணத்தில் மாமியாரின் நுரையீரலையும் சேர்த்து எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். உங்கள் மனைவி இதில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டுவிட்டு, புரியாமல் போட்டேன் என்று பிறகு வாதாடலாம்தான். ஆனால் ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பணம் அவசரமாகத் தேவையென்றால், "இது பகுதித் தொகை மட்டுமே, மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மனைவி தன் கையாலேயே எழுதி ரசீது கொடுக்கட்டும். அதை ஏற்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது தீக்கு வருவோம். கிணற்றிலிருந்து வரும் வாயுவில் குழாயில் அனுப்ப முடியாததையும், அழுத்தம் ஏறும்போது பாதுகாப்புக்காக வெளியேற்றுவதையும் எரிக்கத்தான் செய்வார்கள். எரிக்காமல் அப்படியே காற்றில் விடக் கூடாது என்பதுதான் சட்டமே. ஆகவே 'எரிப்பதே தப்பு' என்று போனால் முதல் வாய்தாவிலேயே வழக்கு தடுமாறும். எப்படி எரிக்கிறார்கள் என்பதைப் பிடியுங்கள்.

1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் முதல் அட்டவணையில், எண்ணெய்த் துரப்பணம், எரிவாயு எடுப்புத் தொழிலுக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன. பொதுவாக உயரமான குழாயின் உச்சியில்தான் எரிக்க வேண்டும். அந்தக் குழாய் குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும். பக்கத்துப் பயிருக்குப் பாதிப்பு என்றால் தரைமட்டத்தில் எரிக்கலாம். அப்படி எரித்தால் பள்ளம் கான்கிரீட்டில் இருக்க வேண்டும். சுற்றிலும் வெப்பம் தாங்கும் செங்கல்லில் குறைந்தது 5 மீட்டர் உயர நிரந்தரச் சுவர் வேண்டும். அதற்கு வெளியே 100 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் அமைக்கலாம் என்கிறது விதி; அதற்கு வழியில்லாவிட்டால் மூடிய அமைப்பில்தான் எரிக்க வேண்டும். கழிவுநீரைப் பள்ளத்தில் ஊற்றிக் கொளுத்துவது எந்தக் கட்டத்திலும் கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் "ஆள் உயரச் சுவர்" என்பதுதான். 5 மீட்டர் என்றால் பதினாறு அடிக்கு மேல். வேலிக்கு வெளியே நின்று, சுவரும் தீயும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, தேதியும் இடமும் பதிவாகும்படி போட்டோ எடுங்கள். வளாகத்துக்குள் கால் வைக்காதீர்கள். அத்துமீறல் புகாரை அவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அந்த நிலையத்துக்குக் கொடுத்த இயக்க ஒப்புதல் ஆணை, ஆய்வு அறிக்கைகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நகரியில் பாதி ஊர் தமிழ் பேசினாலும் தமிழில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தெலுங்கிலேயே எழுதுங்கள்.

அடுத்தது மரம். இங்கேதான் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை மடக்குவார். தென்னை ஓலை கருப்பதற்குச் சுருள் வெள்ளை ஈயும் காரணம். அது சுரக்கும் தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூசணம் படரும். தொட்டால் பிசுபிசுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். குரும்பை கொட்டுவதற்குச் சத்துக் குறைவும் காரணமாகலாம். அதனால் அம்பாஜிபேட்டையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓலையையும் குரும்பையையும் எடுத்துப்போய் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவர்கள் ஈதான் என்று சொன்னால், அதை வழக்குக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய சாட்சி மாமியாரிடமே இருக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை காய் என்று வியாபாரி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகள். தீ எரியத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வருஷச் சீட்டும் பிந்தைய சீட்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒரு மைல் தள்ளி இருக்கும் இன்னொரு தோப்பின் கணக்கும் சேர்ந்தால் இன்னும் பலம். எந்த நிபுணர் அறிக்கையும் இந்தக் கசங்கிய சீட்டுகள் அளவுக்குப் பேசாது. இருமலுக்கு அரசு மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனை செய்து சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வழக்கை அதன்மேல் நிறுத்தாதீர்கள். விறகடுப்பு உண்டா என்றுதான் முதல் கேள்வியே வரும்.

வாட்ச்மேனிடம் சொன்னோம், இன்ஜினீயரிடம் சொன்னோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. 2014 ஜூன் 27 அதிகாலையில் கோனசீமாவின் நாகரத்தில் கெயில் என்ற அரசு எரிவாயு நிறுவனத்தின் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்ததை உங்கள் மனைவி வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். கசிவு இருப்பதாக முன்பே சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போது ஊர்க்காரர்கள் குமுறினார்கள். எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கினால்தான் சொன்னதற்குச் சாட்சி. நிறுவனம், வாரியம், அமலாபுரம் கலெக்டர் ஆபீஸ் மூன்றுக்கும் இந்த வாரமே கொடுங்கள்.

சரி, எங்கே போவது? சிவில் கோர்ட்டுக்கு அல்ல. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு. அதன் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலஸ் மஹாலில் இருக்கிறது. ஆந்திராவும் அதற்குள்தான் வருகிறது. ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினால் உங்களுக்கு அமலாபுரத்தைவிடச் சென்னை எவ்வளவோ பக்கம்.

தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் நஷ்டஈடு கேட்க ஐந்து வருஷம் அவகாசம். காரணம் முதன்முதலில் எழுந்த தேதியிலிருந்து கணக்கு. உங்களுக்கு மூன்றரை போய்விட்டது. பொதுவான சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14ஆவது பிரிவில் வெறும் ஆறு மாதம்தான். அதில் போனால் காலாவதி என்பார்கள். தினமும் எரிகிறதே, தினமும் புதுக் காரணம்தானே என்று வாதாடலாம். நான் அதை நம்பி வழக்குப் போட மாட்டேன். 15இலேயே மரத்துக்கு நஷ்டஈடு, மருத்துவச் செலவு, சுற்றுச்சூழலைச் சீர்செய்வது மூன்றையும் கேளுங்கள். சுவரை விதிப்படி கட்டச் சொல்வதைக் கடைசியோடு சேர்க்கலாம். சேத வகைகளைச் சொல்லும் அட்டவணையில் பயிர், மரம், தோப்பு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. கட்டணம் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். ஐந்து லட்சம் கேட்டால் 5,000.

மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பது உங்கள் பக்கத்து வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஊன்றிச் சொன்னது. இப்போது தீர்ப்பாயச் சட்டத்திலேயே இருக்கிறது. கோதாவரிப் படுகை மாசுக்காக 2022இல் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓஎன்ஜிசிக்குத் தீர்ப்பாயம் 22 கோடி ரூபாய்க்கு மேல் விதித்தது. அது சுற்றுச்சூழலுக்கான தொகை. உங்கள் மரத்துக்கு நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படி எரிப்பது வாழும் உரிமைக்கு எதிரானது என்று நைஜீரியாவில் ஒரு நீதிமன்றம் 2005இலேயே நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகும் அங்கே எரிந்தது. அதனால் உத்தரவு கேட்கும்போதே, எத்தனை நாளில் சுவர் கட்ட வேண்டும், யார் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

நிலம் மனைவி பெயரில் இருப்பதால் மனுதாரர் அவர்தான். வக்காலத்தில் கையெழுத்தும் அவருடையது. மாமியார் தன் இருமலுக்காக இரண்டாவது மனுதாரராகச் சேரலாம். வரும்போது பட்டாதார் பாஸ் புத்தகம், அடங்கல், மாமனார் எழுதிக் கொடுத்த பத்திரம், துண்டுச் சீட்டுகள், அந்தத் தெலுங்குத் தாளின் அசல் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.